நடுத்தெருவில் விட்டுப்போன பாவு

இது நடந்தது 2002 வாக்கில், ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு. ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கிச் சட்டைப்பையில் வைப்பதற்குள் எங்கள் ஊர் வந்துவிடும். அதைத் தனி ஊர் என்று சொல்வதா, ஆரணியின் வால் என்று சொல்வதா என்பது டீக்கடையில் இன்னும் தீராத வழக்கு. ஊர் முழுக்கப் பட்டுத் தறிதான். எனக்கும் ஒரு குழித்தறி இருந்தது. கூடவே, யாரோ ஓட்டி ஓய்ந்துபோய் விற்ற ஒரு பழைய மொபெட்டும் இருந்தது. அந்த மொபெட்தான் என் தலையெழுத்தை மாற்றியது.

அதற்கு ஓரிரு வருடங்கள் முன்பு, ஆரணியில் இலவசக் கண் சிகிச்சை முகாம் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் வயதானவர்களுக்குக் கண்ணும் முட்டியும்தான் முதலில் போகும். வாழ்நாள் முழுக்க இழையைப் பார்த்துப் பார்த்துக் கண் போகும், மிதியை மிதித்து மிதித்து முட்டி போகும். பிள்ளைகளில் பாதிப்பேர் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். அதனால் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பெரியவர்களை முகாமுக்கு அழைத்துப் போனோம். ஆபரேஷன் முடிந்தது. அனுப்பும்போது டாக்டர், "வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடணும், மறக்கக் கூடாது" என்றார். யார் விடுவது? வீட்டில் ஆளில்லை. முறை வைத்துக்கொண்டு நாங்களே போய் விட்டோம்.

சொட்டு மருந்து தீர்ந்தது, வேலை தீரவில்லை. "நைனா, அப்படியே அந்த மண்ணெண்ணெய வாங்கியாந்து குடுத்துட்டுப் போ" என்பார் ஒருவர். ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும். இன்னொருவர் வீட்டில் டிவி ஆன்ட்டெனா காற்றில் திரும்பிக்கொள்ளும். கூரைமேல் ஏறி நின்று நான் அதைத் திருப்ப, அவர் உள்ளே இருந்து "போதும், போதும்... போச்சு, போச்சு" என்று கத்துவார். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, தலைவர் கிடையாது. முதல் வருடம் ரொம்ப உற்சாகமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவர் விசைத்தறி வேலைக்கு வெளியூர் போனார். இன்னொருவர் கல்யாணமாகி மாமனார் வீட்டோடு செட்டிலானார். ஒருவர் வார்டு மெம்பர் ஆனார். ஆன பிறகு பெரியவர்களைக் கும்பிடு போட மட்டும் வந்தார். கடைசியில் மிஞ்சியது நானும் என் மனைவியின் அண்ணனும்தான். அவரும் நானும் ஒரே தெரு, ஒரே தொழில். சின்ன வயதிலிருந்தே பழக்கம். தங்கையை எனக்குக் கட்டிக் கொடுக்கச் சொல்லி வீட்டில் பேசியதே அவர்தான்.

அவரோடும் எனக்குச் சண்டை வந்தது. காரணம் ரொம்பச் சின்னது. எங்கள் தெருவில் விதவைச் சகோதரிகள் இருவர் ஒன்றாக வாழ்ந்தார்கள். மூத்தவருக்கு ஆபரேஷன் செய்தும் பார்வை பெரிதாகத் திரும்பவில்லை. இளையவருக்குக் காது மந்தம். அக்காவுக்குத் தங்கை கண், தங்கைக்கு அக்கா காது என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய அத்தை, சின்ன அத்தை என்று கூப்பிடுவோம். ஒரு நாள் பெரிய அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் முறை மச்சானுடையது. அவர் மறந்துவிட்டார். இரண்டு பேரும் புடவை மாற்றிக்கொண்டு மதியம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், டீக்கடையில் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ இன்னாமோ ஊருக்கே நாட்டாம மாதிரி பேசிகினு கீற. பேரு வாங்கத்தான இதெல்லாம் செய்யற?" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. எதிரெதிரே வந்தால் அவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார், நான் மொபெட்டின் சக்கரத்தைப் பார்ப்பேன். இப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது.

மனைவிக்கு இரண்டு பக்கமும் இடி. அவளுக்கு என்மேல்தான் கோபம் அதிகம். "ஊர்ல கீற பெருசுங்களுக்கெல்லாம் நீங்கதான் புள்ளையா? நம்ம தறிக்கு யாரு புள்ள?" என்பாள். நியாயமான கேள்வி. குழியில் இறங்கி மிதியில் காலை வைத்தால்தான் எனக்குச் சோறு. அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்கும். ஏறி வர வேண்டும், வண்டியை உதைக்க வேண்டும், அது கிளம்புவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். போய் வந்து மறுபடி குழியில் இறங்கினால் கை இழையில் நிற்காது. மற்றவர்கள் ஒரு சேலை முடிக்கும் காலத்தில் நான் முக்கால்தான் முடித்தேன். அலுத்துவிட்டது எனக்கு. உடம்பு அலுத்தது தூங்கினால் போய்விடும். 'நான் மட்டும் ஏன்?' என்று மனசு அலுப்பது எந்தத் தூக்கத்திலும் போகாது. புதுப் பாவு தறிக்கு ஏறியதும் மொபெட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வண்டி இல்லாவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள் அல்லவா?

இந்த இடத்தில் பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சேலையின் நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளின் தொகுதிதான் பாவு. மூன்று நான்கு சேலைக்குச் சேர்த்து ஒரே பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்பு அதைத் தெரு நீளத்துக்கு நீட்டி, கட்டைகளில் தாங்கவைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டுவோம். பொழுது விடிந்ததும் ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அறுந்த இழைகளை முடிந்து, அரிசிக் கஞ்சி தெளித்து, அது காய்வதற்குள் இழைகளைத் தட்டித் தட்டித் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். பாதியில் விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி வறட்டி போல ஆகிவிடும். முதலாளி கொடுத்த பட்டு, மாதக்கணக்கான பிழைப்பு, எல்லாம் போச்சு. அதற்கு ஐந்தாறு பேராவது வேண்டும்.

ஆள் சேர்ப்பதற்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய், "நாளைக்கு நம்ம பாவு" என்று நேரில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், வந்துவிடுவார்கள். சொல்லாத வீட்டிலிருந்து வரமாட்டார்கள். வந்தால் அவர்களுக்கு மரியாதை இல்லை, சொல்லாமல் விட்டால் சொல்லாதவனுக்கு மரியாதை இல்லை. ஆனால் இன்னொரு வழக்கமும் உண்டு. பாவு நீட்டியிருக்கிற வழியில் நடந்துபோகிற எந்த நெசவாளியும் சும்மா கடந்துபோகமாட்டான். நின்று, கண்ணில் படுகிற அறுந்த இழை ஒன்றையாவது முடிந்து கொடுத்துவிட்டுத்தான் போவான்.

அந்த முறை நான் மச்சான் வீட்டில் சொல்லவில்லை. அந்த வீட்டைத் தாண்டும்போது காலைக் கொஞ்சம் எட்டிப் போட்டேன். மற்ற வீடுகளிலும் யாருக்கு ஜுரம், யார் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்த்து, கடைசியில் தேறியது பக்கத்து வீட்டுக் கணவன், மனைவி மட்டும்தான். நாங்கள் இருவர், அவர்கள் இருவர். சமாளித்துவிடலாம் என்று ஒரு வீறாப்பு.

விடிந்தபோது வானம் மூட்டமாக இருந்தது. தள்ளிப் போடலாமா என்று மனைவி கேட்டாள். கஞ்சி காய்ச்சியாகிவிட்டது, நீட்டியும் ஆகிவிட்டது. வேகவேகமாக இழைகளை முடிந்தோம். அப்போதே எனக்கு முதுகு விண்விண் என்று தெறித்தது. முந்தின நாள் இரண்டு பேரை ஆரணிக்குக் கொண்டுபோய் வந்த அலுப்பு வேறு. கஞ்சியைத் தெளித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், கடைசிச் சொம்பைக் கவிழ்த்த நேரம். சின்ன அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஓடுகிற வயதில்லை அவருக்கு.

"கோடி வீட்டுக்காரரு நெஞ்சப் புடிச்சிகினு ஒக்காந்துகினு கீறாரு நைனா. சட்டையெல்லாம் தண்ணி. பேச்சு கொழறுது."

கோடி வீட்டு மாமாவைத் தெருவில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெங்களூரில். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் குறை சொல்வார். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தால், "மாட்டு வண்டியே தேவல" என்று காதில் ஓதிக்கொண்டே வருவார். ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் வந்தது. 'இன்னைக்கா? இப்பவா?' என்றுதான் முதலில் தோன்றியது. 108 எல்லாம் இல்லாத காலம் அது. முதல் பஸ் போய்விட்டது. போன் இருக்கும் வீட்டுக்குப் போய், ஆரணியிலிருந்து ஆட்டோவைக் கூப்பிட்டு, அது வந்து சேருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். மொபெட் ஒன்றுதான் வழி. ஆள் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளப் பின்னால் இன்னொரு ஆம்பிளை வேண்டும். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் போனால், சொட்டச் சொட்ட நிற்கும் பாவோடு இரண்டு பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

நான் மனைவியைப் பார்த்தேன். தினமும் என்னைத் திட்டுகிறவள், அன்று திட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கஞ்சிக் கையை முந்தானையில் துடைத்தாள். "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? ஜல்தி போங்க" என்றாள். குரல் மட்டும் உடைந்திருந்தது.

மாமாவை நடுவில் உட்காரவைத்து, ஒரு துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் தாங்கிக்கொள்ள, ஆரணிக்கு விட்டேன். என் முதுகில் அவருடைய வேர்வை சில்லென்று ஒட்டியது. ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பள்ளத்துக்கு நடுவில் ஆங்காங்கே கொஞ்சம் ரோடு. அந்த நிலையிலும் மாமா என் காதருகே எதையோ முனகினார். கடைசி வார்த்தையோ என்று பயந்து வேகத்தைக் குறைத்தேன்.

"பள்ளத்துல வுடாதடா..." என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆள் இன்னும் இருக்கிறார் என்ற தைரியத்தில் மறுபடி முறுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, ஊசி போட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லி வண்டியும் ஏற்பாடு செய்து கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கூடவே ஏறிக்கொண்டார். நான் எதிரில் இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து மகனுக்குப் போன் போட்டேன். நேராக வேலூர் வந்துவிடுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

திரும்பி வரும் வழியில் தூறல் பிடித்தது. வரவர வலுத்தது. எங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது ரோடு நன்றாக நனைந்திருந்தது. எல்லையிலேயே இவ்வளவு மழை என்றால், தெருவில் நின்ற பாவு என்னாகியிருக்கும்? புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இத்தனை நாள் ஓடினேனே, என் பாவு தெருவில் நிற்கும்போது ஒருத்தன் இல்லையே என்று மரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதேன். யாராவது பார்த்திருந்தால் பெரியவர் இறந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

தெருவுக்குள் நுழைந்தபோது பாவு இல்லை. கயிறு இல்லை. தாங்கு கட்டைகள் என் வீட்டுச் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே, தறிக்குப் பக்கத்தில், பழைய புடவையைப் போர்த்தி ஒரு சுருணை இருந்தது. புடவையை விலக்கிப் பார்த்தேன். பாவு. காய்ந்து, பிரிந்து, ஒழுங்காகச் சுருட்டிய பாவு.

மனைவி முழங்கை வரை கஞ்சி காய்ந்து வெடித்திருக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னாள்.

நாங்கள் தெருமுனை திரும்பியதும், சின்ன அத்தை அங்கேயே பாவில் கை வைத்துவிட்டாராம். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாராம். பெரிய அத்தைக்குத்தான் கண் தெரியாதே. அவர் பாவின் மேல் விரலை ஓடவிட்டு, ஒட்டியிருக்கிற இடத்தைத் தடவித் தடவியே பிரித்தாராம். அவர்களைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் திறந்திருக்கிறது. மண்ணெண்ணெய்க்காரர், ஆன்ட்டெனாக்காரர், முட்டி மடங்காமல் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தவர், எல்லாம் நான் சொட்டு மருந்து விட்ட கண்கள். தறியை விட்டு எத்தனையோ வருடம் ஆனவர்கள். யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் முதல் நாள் சொல்லவில்லை. கேட்டதற்கு, "பாவு நிக்கிற வழியில சும்மா போவக் கூடாதும்மா" என்றாராம் நாற்காலிக்காரர். அவர் எந்த வழியிலும் போகிறவர் இல்லை. வாசலைத் தாண்டியே பல மாதமாகியிருந்தது.

"கயிறு இழுத்துப் புடிக்கத்தான் ஆளில்ல. பெருசுங்களால முடியல" என்று நிறுத்தினாள் மனைவி.

"அப்புறம்?"

"அண்ணன் வந்துச்சி. ஒண்ணியும் பேசல. தூரத்து முனையில போயி கயித்தப் புடிச்சிகினு நின்னுச்சி. மழை விழறதுக்கும் சுருட்டி முடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சி. உள்ள தூக்கிப் போட்டுட்டு, தண்ணி கூடக் குடிக்காம போயிடுச்சி."

சுருணைமேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருக்கும். முடியவில்லை. அந்தப் பாவைத் தறியில் ஏற்றி நெய்யத் தொடங்கியபோதுதான் என் நிஜமான கஷ்டம் ஆரம்பமானது. பட்டு இழையில் முடிச்சு இருப்பதே கண்ணுக்குத் தெரியக் கூடாது. பாவைப் பிரிக்கும்போது அறுந்த இழைகளில் இவர்கள் போட்டிருந்த முடிச்சுகளோ மிளகு மிளகாக இருந்தன. இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் நுழையாது, சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் சிக்கும், படக்கென்று அறுக்கும். ஊடை இழையைக் கொண்டுபோகிற நாடா நாலு தரம் ஓடுவதற்குள் ஒரு நிறுத்தம். குனி, முடிச்சை அவிழ், திருப்பி முடி, நிமிர். சில இடங்களில் பக்கத்து இழையை இழுத்து இதோடு சேர்த்து முடிந்திருந்தார்கள். ஆன்ட்டெனாக்காரரின் வேலையாகத்தான் இருக்கும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். காப்பாற்றினார்கள் என்ற நன்றி ஒரு பக்கம், இந்தப் பேஜாருக்குப் பாவு போயே தொலைந்திருக்கலாம் என்ற கடுப்பு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரு மனிதனுக்குள் இருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நாள் ஆக ஆக, முடிச்சைத் தொட்டதும் யாருடையது என்று தெரிய ஆரம்பித்தது. வால் நீளமாக விட்டிருந்தால் சின்ன அத்தை. இரண்டு சுற்றுச் சுற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்றும் சுற்றியிருந்தால் பெரிய அத்தை. கண்ணால் பார்க்க முடியாதவர், விரலுக்கு நம்பிக்கை வரும் வரை சுற்றியிருக்கிறார். அதை அவிழ்க்க ஊசி தேவைப்படும். திட்டிக்கொண்டே அவிழ்ப்பேன். எப்போதாவது, தேடினாலும் தட்டுப்படாத மெல்லிய முடிச்சு ஒன்று விரலடியில் வழுக்கிக்கொண்டு போகும். அப்படி முடிகிற கை எங்கள் தெருவில் ஒன்றுதான். கயிறு பிடித்துக்கொண்டு நின்றது மட்டுமில்லை, நடுநடுவே வந்து முடிந்துவிட்டும் போயிருக்கிறார் மச்சான். அந்த முடிச்சுகளை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டிய தேவையும் இல்லை.

முதல் சேலையை முதலாளி விரித்துப் பார்த்து, சேலையின் உடல் பகுதியில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இன்னாப்பா இது, புதுசா கத்துக்கினவன் நெய்ஞ்ச மாதிரி கீது?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சேலையை மடித்து வைத்துவிட்டு, "பெரியவரு எப்படி கீறாரு?" என்று கேட்டார்.

பெரியவர் நன்றாகவே இருந்தார். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதுமே மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டார், இவர் மறுத்துவிட்டார். அவரை ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரப் போனது யார் என்று நினைக்கிறீர்கள்? அன்று காலை நான் குழியில் உட்கார்ந்து பெரிய அத்தையின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மச்சான். உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய மொபெட் சாவியை எடுத்தார்.

"பெட்ரோல் கீதா?" என்று கேட்டார்.

"கீது" என்றேன்.

ஆறு மாதம் கழித்து நாங்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இரண்டு பக்கமும் இல்லை. அந்த வாரத்திலிருந்து பாதி முறை அவருடையதாயிற்று. மொபெட்டை விற்கும் யோசனையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அதைக் கைவிட்டதையும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வந்த மறுநாள் கோடி வீட்டு மாமா மெல்ல நடந்து என் தறியோரம் வந்து உட்கார்ந்தார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நெய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சில் ஒரு முடிச்சு சிக்கி நான் பல்லைக் கடித்தபோது, "உம்பாட்டுக்குப் பாவ நடுத்தெருவுல உட்டுட்டு வந்துட்ட. எதனா ஆயிருந்தா உம்பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்று அதட்டினார். அதட்டிவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனிதர் அழுது அன்றுதான் பார்த்தேன். அதன்பிறகும் சில வருடங்கள் இருந்தார், கடைசி வரை நான் வண்டி ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு அப்புறம் அலுப்பு போய்விட்டது, புது மனிதனாகிவிட்டேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். அலுப்பு போகவில்லை. இழையை முடியும்போது வாசலில் குரல் கேட்டால், இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். 'நான் மட்டும் ஏன்' என்ற கேள்விதான் அதற்குப் பிறகு வரவில்லை. வரப் பார்த்தால், மிளகு மிளகாக விழுந்த அந்த முடிச்சுகள் விரலில் நெருடும்.

இப்போது எனக்கும் முட்டி போய்விட்டது, கண்ணாடி போட்டும் இழை இரண்டாகத் தெரிகிறது. தெருவில் யாருடைய பாவாவது நின்றால் கம்பை ஊன்றிக்கொண்டு அங்கே நின்றுவிடுகிறேன். அறுந்த இழை ஒன்றைத் தேடிப் பிடித்து முடிகிறேன். என் முடிச்சும் இப்போது மிளகாகத்தான் விழுகிறது. ஒரு மாதம் கழித்து, தறிக்குழியில் உட்கார்ந்து எவனோ ஒரு இளவட்டம் அதை அவிழ்த்துக்கொண்டே என்னைத் திட்டப்போகிறான். நன்றாகத் திட்டட்டும். அவன் பாவு தெருவில் நின்றபோது அவன் தனியாக நிற்கவில்லை என்பதற்கு அந்த மோசமான முடிச்சு ஒன்றுதான் என்னால் விட்டுப்போக முடிந்த சாட்சி.